ஓட்டாஞ்சில்லில் காலம் கண்டவர்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

எகிப்து என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வந்து நிற்பவை பிரமிடுகள். அடுத்து, துத்தங்காமனின் பொன் முகமூடி. பானை எவர் நினைவுக்கும் வருவதில்லை. பொன்னுக்குக் காவல் உண்டு, கண்ணாடிப் பேழை உண்டு, காண்பதற்கு நுழைவுச் சீட்டும் உண்டு. உடைந்த பானைக்கு என்ன உண்டு? குப்பைமேடு உண்டு! அந்தக் குப்பைமேட்டின் முன்னே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வோர் ஓட்டாஞ்சில்லையும் கையிலெடுத்து, நீ எந்தக் காலத்தவன் என்று கேட்டுக் கொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றியே இக்கட்டுரை. அவர் பெயர் வில்லியம் மாத்யூ ஃபிளிண்டர்ஸ் பீட்ரி.

நம் பாடநூலில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடப் போனவன் நான். தேடியதற்கு ஒரு காரணமும் உண்டு. நான் வேளார் வீட்டுப் பிள்ளை. என் தாத்தாவும் தந்தையும் திரிகை சுற்றியவர்கள். பள்ளி நாட்களில் எனக்கு இடப்பட்ட பட்டப்பெயர் பானை! மன்னர்களையும் போர்களையும் பற்றியே படித்துப் பழகிய எனக்கு, பானையைக் கொண்டே மன்னர்களின் வரிசையைக் கண்டுபிடித்த ஒருவர் இருந்தார் என்று தெரிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை நண்பர்கள் புரிந்து கொள்வார்கள்.

பீட்ரி 1853 ஜூன் 3-ஆம் நாள் இலண்டனை அடுத்த சார்ல்ட்டன் என்ற ஊரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் மாத்யூ ஃபிளிண்டர்ஸ், ஆஸ்திரேலியாவை முழுவதுமாகக் கப்பலில் சுற்றிவந்து வரைபடம் தந்த புகழ்பெற்ற மாலுமி. தந்தை பொறியாளர், நில அளவையில் வல்லவர். தாய் பல மொழிகளும் கனிமங்களும் அறிந்தவர். சிறுவன் பீட்ரியோ நோஞ்சான். ஆஸ்துமா நோயின் காரணமாக அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆம், பின்னாளில் பல்கலைக் கழகப் பேராசிரியராகப் போகிறவர் முறையாக எந்தப் பள்ளியிலும் படித்தவர் அல்லர்! தாயிடம் மொழியும் தந்தையிடம் அளவையும் கற்றார். எட்டு வயதில் ஒரு நாள், வைட் தீவில் ரோமானியர் மாளிகை ஒன்றைத் தோண்டுவதைப் பற்றி வீட்டுக்கு வந்த விருந்தினர் பேசிக் கொண்டிருந்தனர். மண்ணை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவதைக் கேட்ட சிறுவன் பதறிப்போனானாம். அங்குலம் அங்குலமாகச் சீவியெடுத்து, எந்தப் பொருள் எந்த இடத்தில் எப்படிக் கிடந்தது என்று பார்க்க வேண்டாமா என்று வாதாடினானாம். இதைப் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். முதியவர்கள் தம் இளமையைச் சற்று அழகுபடுத்திச் சொல்வதுண்டு என்பதை மறந்துவிட வேண்டியதில்லை. ஆயினும் அவர் செய்து முடித்தது அதைத்தான்.

தந்தையும் மகனும் சேர்ந்து முதலில் அளந்தது இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை. அடுத்து வந்தது பெரிய பிரமிடு. அக்காலத்தில் பியாஸி ஸ்மித் என்ற வானியல் அறிஞர், பிரமிடின் அளவுகளில் தெய்வ வாக்கு ஒளிந்திருப்பதாகவும், அதன் அடிப்பக்கம் ஓராண்டின் நாட்களைக் குறிப்பதாகவும் எழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தார். பீட்ரி குடும்பத்தார் அக்கருத்தில் ஈடுபாடு கொண்டவர்கள். அதை உறுதிப்படுத்தவே 1880-ஆம் ஆண்டின் இறுதியில் பீட்ரி எகிப்துக்குப் புறப்பட்டார். கீஸாவில் பாறையில் குடைந்த பழைய கல்லறை ஒன்றே அவருக்கு வீடு. சுற்றுலாப் பயணிகள் வந்து தொல்லை செய்யாமல் இருக்க, உள்ளாடை மட்டுமே அணிந்து பிரமிடின் வெளியே அளந்து கொண்டிருப்பாராம்! கண்ணியமான பெண்மணிகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

இரண்டு பருவங்கள் அளந்தார். ஸ்மித்தின் கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 9140 அங்குலம் இருந்திருக்க வேண்டும். பீட்ரிக்குக் கிடைத்ததோ 9069 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஆறடி போல வேறுபாடு! தெய்வ வாக்கு தவிடுபொடியானது. தாம் நம்பிச் சென்ற கருத்தைத் தம் அளவுகோலாலேயே வீழ்த்திவிட்டு, 1883-இல் அதை அப்படியே நூலாக்கி வெளியிட்டார். அந்தக் கொள்கையில் பற்றுடைய ஒருவர், கணக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பிரமிடுக்குள் துருத்திக் கொண்டிருந்த கல்லை அரத்தால் ராவிக் கொண்டிருந்ததைத் தாம் நேரில் கண்டதாகவும் பீட்ரி எழுதுகிறார். சான்றைத் திருத்திக் கொள்கைக்குப் பொருத்துவோர் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

அன்று எகிப்தில் நடந்தது அகழ்வாராய்ச்சி அன்று, அகழ்ந்தெடுப்பு மட்டுமே. சிலை வேண்டும், எழுத்துள்ள கல் வேண்டும், பொன் வேண்டும். மற்றவை மண்ணோடு மண்ணாகப் போக வேண்டியவை. அமீலியா எட்வர்ட்ஸ் என்ற எழுத்தாளப் பெண்மணியின் முயற்சியால் 1882-இல் எகிப்து ஆய்வு நிதியம் தோன்றியது. அதன் சார்பில் பீட்ரி தானிஸிலும் பின்னர் நாக்ராட்டிஸிலும் தோண்டினார். பிறகு கருத்து வேறுபாட்டால் விலகினார். ஆனால் அமீலியா அம்மையார் அவரைக் கைவிடவில்லை. 1892-இல் அவர் மறைந்தபோது, இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் எகிப்தியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவத் தம் சொத்தை எழுதி வைத்திருந்தார். பீட்ரியை மனத்தில் வைத்தே அது செய்யப்பட்டது. பள்ளிக்கே போகாதவர் அதன் முதல் பேராசிரியரானார்.

இனிப் பானைக்கு வருவோம். தங்கம் உருக்கப்படும், கல் வேறு கட்டடத்துக்குப் போகும், துணி மட்கும். பானை உடையும், ஆனால் அழியாது. சுட்ட மண்ணுக்குச் சாவு கிடையாது. அது விலை மலிந்தது. எனவே எல்லா வீட்டிலும் இருக்கும். எளிதில் உடைவது, எனவே அடிக்கடி புதிது செய்யப்படும், செய்யச் செய்ய வடிவம் மாறும். உடைந்ததை எவரும் திருடிக்கொண்டு போகமாட்டார்கள். இவ்வளவு எளிய உண்மைகளை அன்றைய அறிஞர்கள் ஏன் காணவில்லை என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. பானை வாங்கும் வேலை அவர்கள் வீட்டில் பணியாட்களுடையதாக இருந்திருக்கும்!

1890-இல் பாலஸ்தீனத்தின் டெல் எல் ஹெஸி என்ற மேட்டில் பீட்ரி ஆறு வாரமே வேலை செய்தார். ஓடை அரித்ததால் மேட்டின் ஒரு பக்கம் வெட்டிய அப்பம் போல அறுபதடி உயரத்துக்கு அடுக்கடுக்காகத் தெரிந்தது. எந்த அடுக்கில் எந்த வகைப் பானை என்று குறித்துக்கொண்டே போனார். மேலடுக்குப் புதிது, கீழடுக்குப் பழையது. ஆகவே இனி அந்நாட்டில் எந்த மேட்டில் அதே ஓடு கிடைத்தாலும் காலம் சொல்லிவிடலாம். கஹூன், குரோப் என்ற எகிப்திய ஊர்களில் கிரேக்கத் தீவுகளிலிருந்து வந்த பானை ஓடுகளை அடையாளம் கண்டார். எகிப்திய மன்னர்களின் காலம் தெரியும். அவர்கள் காலத்துக் குப்பையில் கிடந்ததால் கிரேக்க ஓட்டின் காலமும் தெரிந்தது. அதனால் மைசீனிய நாகரிகத்தின் காலமே கணக்குக்கு வந்தது. ஒரு நாட்டு ஓடு இன்னொரு நாட்டு நாகரிகத்துக்குப் பிறந்தநாள் குறித்தது!

1891-92 குளிர்காலத்தில் அமர்னாவுக்குச் சென்றார். அது அக்நாதன் என்ற மன்னன் கட்டி, அவனுக்குப் பின் கைவிடப்பட்ட தலைநகரம். அங்குக் குப்பையில் கிடந்தவை மது ஜாடிகளின் உடைசல்கள். எகிப்தியர் ஜாடியின் தோளில் மையால் குறிப்பு எழுதுவர்: மன்னன் ஆட்சியின் இத்தனையாம் ஆண்டு, இன்ன தோட்டத்துத் திராட்சை மது, பொறுப்பாளன் இன்னான் என்று. ஆண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆட்சிக்காலம் தெரிந்துவிடுமல்லவா? அக்நாதன் 17 ஆண்டுகள் ஆண்டான் என்று இன்று நாம் படிப்பதற்கு இத்தகைய ஜாடி எழுத்துகளே பெருஞ்சான்று. அந்தப் பருவத்தில் பீட்ரியிடம் வேலை பழக வந்த பதினேழு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அவரால் பெரிய பயன் விளையும் என்று பீட்ரிக்கு அப்போது தோன்றவில்லை. அந்த இளைஞரே ஹோவர்ட் கார்ட்டர். 1922-இல் துத்தங்காமன் கல்லறையைத் திறந்தவர். அந்தக் கல்லறையில் பொன்னோடு 26 மது ஜாடிகளும் இருந்தன. அவற்றிலும் ஆண்டும் தோட்டமும் எழுதப்பட்டிருந்தன.

பீட்ரியின் மிகப் பெரிய பணி நகாடாவில் தொடங்கியது. தவற்றில்தான் தொடங்கியது என்பது அதன் சிறப்பு. 1894-95 பருவத்தில் நைல் நதிக்கரையில் நகாடா என்ற ஊரருகே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எளிய குழிக்கல்லறைகளை அவர் திறந்தார். உடல்கள் கைகால் மடக்கி ஒருக்களித்துக் கிடந்தன. சுற்றிலும் பானைகள். எழுத்து ஒன்றுகூட இல்லை. மன்னன் பெயர் இல்லை. பானைகளோ அதுவரை எகிப்தில் எவரும் கண்டிராத வகை. இவை வெளியிலிருந்து படையெடுத்து வந்த ஒரு புதிய இனத்தாருடையவை என்று அவர் முடிவு செய்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ழாக் டி மோர்கன் என்ற பிரெஞ்சு அறிஞர், இவர்கள் அந்நியர் அல்லர், மன்னராட்சி தோன்றுவதற்கு முன் வாழ்ந்த எகிப்தியரே என்று காட்டினார். பீட்ரி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்ட பின்போ அவர் செய்த வேலை அறிவுலகையே வியக்க வைத்தது.

எழுத்து இல்லை, நாணயம் இல்லை. அடுக்கும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு கல்லறையும் தனித்தனிக் குழி. அப்படியிருக்க எது முந்தையது, எது பிந்தையது என்று எப்படிச் சொல்வது? ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வகைப் பானைகள் கிடைத்த கல்லறைகளாகப் பார்த்து 900-ஐத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு கல்லறைக்கும் ஓர் அட்டைத் துண்டு. அதில் அங்குக் கிடைத்த பானை வகைகளின் குறியீடுகள். பானைகளை ஒன்பது பெரும் பிரிவாக வகுத்திருந்தார்: கருவாய்ச் சிவப்புப் பானை, மெருகிட்ட சிவப்புப் பானை, வெள்ளைக்கோட்டுப் பானை, அலைப்பிடிப் பானை என்று இப்படி. பின் அந்த 900 அட்டைகளை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி அடுக்கிக் கொண்டே இருந்தார். ஒரே வகைப் பானை அங்குமிங்கும் சிதறாமல் அருகருகே வரும்வரை அடுக்கினார். கணிப்பொறி கனவிலும் இல்லாத காலம்! அடுக்கி முடித்ததை 51 பகுதிகளாகப் பிரித்து 30 முதல் 80 வரை எண்ணிட்டார். ஏன் 30-இல் தொடங்கினார்? இதைவிடப் பழையவை பின்னால் கிடைக்கலாம், அவற்றுக்கு இடம் வேண்டும் என்று 1 முதல் 29 வரை காலியாக விட்டுவைத்தார். 1920-களில் அவருடைய மாணவர் கை பிரண்டன் பதாரி என்ற இடத்தில் அதற்கும் முந்தைய பண்பாட்டைக் கண்டெடுத்தார். காலியிடத்தில் அது போய் அமர்ந்தது. 1960-களில் கணித அறிஞர்கள் இம்முறையை ஆராய்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பயன்பாட்டுக் கணித மேதைகளில் ஒருவராகப் பீட்ரியை மதிக்க வேண்டும் என்றார்கள்.

அலைப்பிடிப் பானையின் கதையைச் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். வரிசையின் திறவுகோலே அதுதான். முதலில் அது வயிறு பருத்த ஜாடி. இருபுறமும் அலை போல் வளைந்த தடித்த பிடி, கைவிரல்கள் நன்றாகப் பற்றும். நாளாக ஆக ஜாடி மெலிகிறது. பிடி சுருங்கிச் சுருங்கிக் கையால் பற்ற முடியாத வெறும் விளிம்பாகிறது. பின் கழுத்தைச் சுற்றிய அலைக்கோடாகிறது. கடைசியில் ஜாடி நேர்க்குழாயாகிவிட, கோடும் மறைகிறது. பயன் போய் வடிவம் மட்டும் எஞ்சும் இந்த விந்தையை நாம் நாள்தோறும் காண்கிறோம். கன்னார் பித்தளைக் குடத்தைத் தட்டிச் செய்தபோது சுத்தியல் விட்ட குழிகளை, சுத்தியலே படாத சில பிளாஸ்டிக் குடங்களில் அச்சுவார்த்து வைத்திருக்கிறார்களே! என் தாத்தா சந்தையில் ஒரு பானையின் விளிம்பைத் தடவிப் பார்த்து எந்த ஊர்ச் சூளை என்று சொல்லிவிடுவார். பீட்ரி தடவிப் பார்த்து எந்தத் தலைமுறை என்று சொன்னார். இருவரும் செய்தது ஒரே வேலை என்பது என் எண்ணம். ஒருவர் அதை எழுதி வைத்தார்.

அந்த ஜாடிக்குள் இருந்ததும் மாறியது. முந்தைய கல்லறைகளில் மணமூட்டிய கொழுப்புத் தைலம் நிறைய இருந்தது. பிறகு தைலத்தின் மேல் ஒரு படலம் மண். பிறகு மண் மிகுதி, தைலம் குறைவு. இறுதியில் ஜாடி முழுதும் மண்ணே! செத்தவர் திறந்து பார்க்கவா போகிறார் என்று வாழ்ந்தவர் நினைத்திருப்பார்கள். மனித இயல்பு ஐயாயிரம் ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடவில்லை.

1899 குளிர்காலத்தில் பீட்ரி அபிடாஸ் சென்றார். அங்குள்ள உம் எல் காஅப் என்ற மணல்மேட்டின் பெயருக்கே பானைகளின் தாய் என்று பொருள், அவ்வளவு ஓடுகள்! எகிப்தின் முதல் அரச மரபினரின் கல்லறைகள் அங்கேதான் இருந்தன. அவருக்கு முன் அமெலினோ என்ற பிரெஞ்சுக்காரர் நான்கு ஆண்டுகளாக அதைத் தோண்டி, நல்ல பொருள்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார். எடுத்தது போக எஞ்சிய கற்கலங்களை உடைத்துப் போட்டதாகவே பீட்ரி குற்றஞ்சாட்டினார். தோண்டிக் கழித்த இடத்தில் இனி என்ன இருக்கும்? மற்றவர் கழித்ததுதான் இருக்கும். பீட்ரிக்கு வேண்டியதும் அதுவே.

நம் சித்த வைத்தியர்கள் மருந்துக் கலயத்தின் வாயை மூடிச் சீலைமண் செய்வதைப் பார்த்திருக்கிறோம். எகிப்தியர் மது ஜாடிக்குச் செய்ததும் ஏறத்தாழ அதுதான். வாயின் மேல் ஒரு சிறு மண்தட்டையோ இலையையோ வைத்து மூடி, அதன் மேல் நைல் வண்டல் மண்ணைக் குழைத்துக் கூம்பாக அப்புவர். ஈரம் உலர்வதற்குள் உருளை வடிவ முத்திரையை அதன் மேல் உருட்டுவர். மன்னன் பெயர், அதிகாரியின் பெயர், பண்டசாலையின் பெயர் ஆகியவை வரிவரியாகப் பதிந்துவிடும். முத்திரை உடையாமல் இருந்தால் உள்ளிருப்பது கலப்படமில்லாதது. ஜாடியைத் திறப்பவன் மண்மூடியை உடைத்து வீசுகிறான்; அதற்குப் பிறகு அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அமெலினோவுக்கும் அது மண்ணாங்கட்டி. பீட்ரி அந்த மண்ணாங்கட்டிகளை நூற்றுக்கணக்கில் பொறுக்கினார். ஒரே முத்திரை பல கட்டிகளில் அரைகுறையாக விழுந்திருக்கும். துண்டுகளை ஒட்டவைத்து முழு வாசகத்தையும் வரைந்து எடுத்தார். ஆஹா, ஜேர், ஜெட், டென் என்று எகிப்தின் முதல் மன்னர்கள் அந்த மண்மூடிகளிலிருந்தும் கூடவே கிடைத்த கற்கலங்கள், தந்தச் சில்லுகளிலிருந்தும் எழுந்து வரிசையில் நின்றார்கள். எந்தக் கல்லறை எவருடையது என்பதை மூடி சொன்னது. எது முன்னது என்பதற்குப் பானையின் வடிவமும் துணை நின்றது.

அவர் வகுத்த வரிசை சரிதானா? 1980-களில் ஜெர்மன் ஆய்வாளர்கள் அதே மேட்டை மீண்டும் சலித்தபோது, ஒரு மண்மூடியில் நார்மர் தொடங்கி ஆஹா, ஜேர், ஜெட், டென் என்று மன்னர்களின் பெயர்கள் வரிசையாகப் பதிந்த முத்திரை கிடைத்தது. பீட்ரி வகுத்த வரிசைக்கு, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தரே கையொப்பமிட்டது போலாயிற்று. 1988-இல் அங்கேயே, அவர்களுக்கும் முந்தைய ஒரு தலைவனின் கல்லறையில் நூற்றுக்கணக்கான மது ஜாடிகள் அறைகளில் அடுக்கப்பட்டிருந்ததை அவர்கள் கண்டார்கள்.

அபிடாஸ் நாட்களில் நடந்த ஒன்றை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஜேர் மன்னனின் கல்லறைச் சுவரின் பொந்து ஒன்றில், பழங்காலத் திருடன் ஒளித்துவைத்த ஒரு கை, துணி சுற்றியபடி கிடைத்தது. அதில் பொன்னும் நீலக்கற்களும் கோத்த நான்கு காப்புகள். கண்டெடுத்த தொழிலாளர்கள் எதையும் மறைக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். பீட்ரி பொன்னை எடைபோட்டு, அதே எடைக்கு அவர்களுக்குப் பணம் கொடுத்தார். எல்லாவற்றையும் கெய்ரோ காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த அதிகாரி காப்புகளை வைத்துக்கொண்டு, கையையும் துணியையும் வெளியே எறிந்துவிட்டார்! எகிப்தின் மிகப் பழைய அரச உடலின் பகுதியாக இருந்திருக்கக்கூடியது குப்பைக்குப் போயிற்று. படிக்காத தொழிலாளி காத்தான். படித்த அதிகாரி எறிந்தான்.

தொழிலாளர்களுக்கு அவர் தந்த இடம் குறிப்பிடத்தக்கது. கண்டெடுத்த பொருளுக்குச் சந்தை விலை எதுவோ அதைத் தாமே கொடுத்துவிடுவார். ஆகவே திருட்டு வியாபாரிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அலி சுவேஃபி என்பவர் பல ஆண்டுகள் அவருடன் இருந்த வலக்கை. குஃப்த் என்ற ஊராரைப் பழக்கி அவர் உருவாக்கிய கைதேர்ந்த தொழிலாளர் குழு, தலைமுறைகள் கடந்தும் எகிப்திய அகழாய்வுகளில் பணிபுரிந்து வந்தது. மனைவி ஹில்டா அம்மையார் பானைகளையும் முத்திரைகளையும் வரைந்தார், எண்ணிட்டார், கூலிக் கணக்குப் பார்த்தார். கல்கத்தாவில் பிறந்த மார்கரெட் மர்ரே என்ற மாணவி, பீட்ரி பாலைவனத்தில் இருக்கும் மாதங்களில் இலண்டனில் அவருடைய வகுப்புகளை நடத்தினார். இவர்கள் இல்லையேல் ஏறத்தாழ நூறு நூல்கள் அவர் பெயரில் வந்திருக்க முடியாது. முகாம் சாப்பாடு மட்டும் பயங்கரம்! சென்ற பருவத்தில் மிஞ்சிய தகரடப்பா உணவை மண்ணில் புதைத்து வைத்து, மறுபருவத்தில் எடுத்துச் சுவரில் எறிவார்களாம். வெடிக்காவிட்டால் உண்ணத் தக்கது. மாணவர்களிடையே உலவிய கதை இது. நம் விடுதி நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

இவ்வளவு புகழ்ந்த பின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பீட்ரி மனித இனங்களில் உயர்வு தாழ்வு உண்டென நம்பியவர். மண்டையோடுகளை அளந்து இலண்டனுக்கு அனுப்பினார். பிறப்பால் மேம்பட்டோரைப் பெருக்க வேண்டும் என்ற கொள்கையாரோடு சேர்ந்து நின்றார். அதுபற்றி நூலும் எழுதினார். எகிப்தின் மாபெரும் நாகரிகத்தைக் கிழக்கிலிருந்து வந்த உயர்ந்த இனம் ஒன்றுதான் தோற்றுவித்திருக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் சாதித்தார். இதில்தான் எனக்கு அவரோடு சண்டை. அலைப்பிடி படிப்படியாக மாறியதைத் தம் கண்ணால் கண்டவர் அல்லவா அவர்? தந்தை செய்ததை மகன் சற்று மாற்றினான். அவன் மகன் இன்னும் சற்று மாற்றினான். எங்கும் அறுபடாமல் வந்த கைப்பழக்கம் அது. 900 அட்டைகளும் ஒரே மூச்சாகச் சொன்னது அதைத்தான். நைல் கரையின் குயவன் அந்த ஊரானே. அவன் மக்கள்தாம் மன்னர்களின் மது ஜாடிகளையும் செய்தார்கள். ஓட்டைப் படித்தவர் அதைச் செய்தவனைப் படிக்க மறுத்துவிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த இனக்கொள்கையைக் கைவிட்டுவிட்டார்கள். அதைக் கைவிட அவர்களுக்கு உதவியது அவர் அடுக்கி வைத்த பானை வரிசையே.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 1893-94 பருவத்தில் பீட்ரி தோண்டிய காப்டாஸ் என்னும் ஊர்தான் மேலே சொன்ன குஃப்த். ரோமானியர் காலத்தில் செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஒட்டகப் பாதை வந்து சேர்ந்த இடம் அது. நம் மிளகு அவ்வழியேதான் நைல் நதியை அடைந்தது. அத்துறைமுகங்களில் ஒன்றான குசேர் அல் காதிமில், தமிழ்ப் பிராமியில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் 1978-க்குப் பின் நடந்த அகழாய்வில் கிடைத்தன. அங்கு மீண்டும் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு சேமிப்பு ஜாடியின் ஓட்டில் பானை உறி என்று பொருள்படும் தமிழ்ச் சொற்கள் இருந்ததை ஐராவதம் மகாதேவன் 2007-இல் படித்துச் சொன்னார். உறி! நம் வீட்டுக் கூரையில் தொங்குகிறதே, அதே உறி. பெரெனிகே துறைமுகத்தில், நம் நாட்டில் செய்த பெரிய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இவற்றைப் பீட்ரி காணவில்லை. ஆனால் ஓட்டாஞ்சில்லை வீசி எறியாமல் எடுத்துத் துடைத்துப் பார்க்கும் பழக்கத்தை அந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் அவர்.

1923-இல் அவருக்குச் சர் பட்டம் வந்தது. துத்தங்காமன் கண்டுபிடிப்புக்குப் பின் எகிப்தில் பொருள்களைப் பங்கிடும் விதிகள் இறுகின. 1926-இல் அவர் பாலஸ்தீனம் சென்றார். எகிப்தியர் தம் பொருள்களைத் தம் நாட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பியது நியாயமே என்பது என் கருத்து. அவருக்கு அது கசந்தது. அவர் முன்பே சேர்த்திருந்தவை இன்று இலண்டனில் அவர் பெயரிலான காட்சியகத்தில் உள்ளன. ஏறத்தாழ எண்பதாயிரம் பொருள்கள். தர்கானில் 1913-இல் அழுக்குத் துணி மூட்டையாக அவர் எடுத்து வந்ததை 1977-இல் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே மடிப்புத் தையலோடு கூடிய ஒரு சட்டை இருந்தது. 2015-இல் கரிமக் காலக்கணிப்பு அதற்கு ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் வயது சொன்னது. உலகில் இன்றுள்ள மிகப் பழைய நெய்த உடைகளில் அது முதலிடத்தில் வைக்கப்படுகிறது. அழுக்குத் துணியையும் எறியாத மனிதர்!

1933-இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, பின் ஜெருசலேமில் குடியேறினார். 1942 ஜூலை இறுதியில், 89-ஆம் வயதில், இரண்டாம் உலகப் போரின் நடுவே அங்கேயே இறந்தார். உடல் சீயோன் மலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது, தலை இல்லாமல். தம் தலையை அறிவியலுக்குத் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். போர் முடிந்தபின் அது இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. மருந்துநீர் நிரப்பி மூடிய ஜாடி ஒன்றில் அங்கே நெடுங்காலம் இருந்தது. இடையில் ஜாடியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு விழுந்துபோகவே, அது எவர் தலை என்று எவருக்கும் தெரியாமல் போயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அது அவருடையது என்று அடையாளம் காணப்பட்டது.